சயாம் ரயில் கண்காட்சிக்கு எந்தப் பார்சலைக் கட்டுவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணத்தில், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் வைத்துச் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்ட மரண ரயிலைப் பற்றிக் கண்காட்சி வைக்கிறவர்கள் முதலில் சுவருக்குப் படம் தேடுகிறார்கள். படம் போதாது. வருகிறவர் நாலு படத்தைத் தாண்டுவதற்குள் தே தாரிக் மேசை கண்ணில் பட்டுவிடும். கையில் தூக்கிப் பார்க்க, நிறுத்துப் பார்க்க, பங்கு போட்டுப் பார்க்க ஏதாவது இருந்தால்தான் நிற்பார். அதற்குப் பொருத்தமானது செஞ்சிலுவைச் சங்கத்தின் போர்க்கைதி உணவுப் பார்சல். உள்ளே இருந்தவற்றின் பட்டியல் கிடைக்கிறது. பாதிச் சாமான் பட்டணத்து மளிகைக் கடையிலேயே இருக்கிறது. நாலு பேர் உட்கார்ந்தால் ஒரு நாளில் கட்டி முடித்துவிடலாம்.

சிக்கல் இரண்டு. முதலாவது, போர்க்கைதிப் பார்சல் என்று ஒரே ஒரு பெட்டி இருந்ததில்லை. பிரிட்டன், கனடா, அமெரிக்கா, நியூசிலாந்து என்று ஒவ்வொரு நாடும் தன் சமையலறைக்கு ஏற்றபடி கட்டியது. இந்தியச் சிப்பாய்களுக்கு என்று தனிப் பெட்டி இருந்தது. எதைக் கட்டுவது என்று தீர்மானிக்க வேண்டும். இரண்டாவது சிக்கல் அதைவிடப் பெரியது: நம் தோட்டங்களிலிருந்து சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு இவற்றில் எந்தப் பெட்டியும் வரவில்லை. வெறும் பெட்டியை மேசையில் வைத்தால், "தாத்தாவுக்கு இதெல்லாம் குடுத்தாங்களா?" என்று பிள்ளைகள் கேட்கும். பதில் தெரியாத பெரியவர் யாராவது "ஆமா" என்றுவிடுவார். அன்றோடு கண்காட்சி கெட்டது.

எங்கள் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரே பெட்டிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அமெரிக்கப் பெட்டியைக் கட்டுங்கள்; கட்டி மூடி வைக்காமல் ஆறு பங்காகப் பிரித்து வையுங்கள். இரண்டாவதுக்கு வசதி இருந்தால் இந்தியப் பெட்டி. எல்லோரும் ஆசைப்படுகிற கனடாப் பெட்டி மூன்றாம் இடம்தான். காரணங்கள் கீழே.

பெட்டிக்குப் பின்னால் இருந்த ஏற்பாடு

1929-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் 37-ஆம் பிரிவு, போர்க்கைதி தன் பெயருக்கு உணவும் உடையும் தபால் பார்சலாகப் பெறலாம் என்றது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். ஐரோப்பாவில் இந்த ஏற்பாடு ஓரளவு ஓடியது. பெட்டிகள் லிஸ்பன் துறைமுகத்துக்கு வரும். செஞ்சிலுவைக் கப்பலில் மார்செய் போகும். அங்கிருந்து ஜெனீவா, பிறகு ஜெர்மானிய முகாம்கள். ஆளுக்கு வாரம் ஒரு பெட்டி என்பது இலக்கு. முகாம் சாப்பாட்டின் குறையை நிரப்பும் கூடுதல் உணவாகத்தான் அதைக் கட்டினார்கள். முழுச் சாப்பாடாக அதை யாரும் கணக்குப் போடவில்லை.

கிழக்கில் கதை வேறு. ஜப்பான் அந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டது, ஆனால் அதை உறுதிசெய்யவில்லை. பொருந்துகிற அளவுக்கு அனுசரிப்பதாக 1942-ல் வாக்குக் கொடுத்தது. நிவாரணப் பொருள் பெரும்பாலும் இரு தரப்புச் சிவிலியன்களைப் பரிமாறிக்கொண்ட கப்பல்களில்தான் வந்தது: 1942-ல் ஆப்பிரிக்காவின் லோரன்சோ மார்க்கெஸ் துறைமுகம், 1943-ல் கோவாவின் மர்மகோவா. அமெரிக்கா சோவியத் துறைமுகம் வரை அனுப்பிய சரக்கு மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தது. 1944 நவம்பரில்தான் ஜப்பானியக் கப்பல் போய் எடுத்தது. அதில் ஒரு பகுதியைச் சிங்கப்பூர்ப் பக்கம் கொண்டுவந்த ஆவா மாரு, திரும்பும் வழியில் 1945 ஏப்ரல் 1-ஆம் தேதி அமெரிக்க நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. பாதுகாப்பு உத்தரவாதம் கொடுக்கப்பட்ட கப்பல் அது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்தான் பிழைத்தார்.

ஆகவே "வாரம் ஒரு பெட்டி" என்ற வாசகம் சயாம் கண்காட்சியின் எந்த அட்டையிலும் வரக்கூடாது. அது ஐரோப்பாவின் கணக்கு.

கனடாப் பெட்டி: ஆசை காட்டும், ஆனால் ஏமாற்றும்

மாதிரி செய்கிறவர்கள் இதில் விழுவதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் எடை தெளிவாகக் கிடைக்கிறது. பெட்டிக்குப் பெட்டி அதிகம் மாறவும் இல்லை. பால் மாவு 16 அவுன்ஸ், வெண்ணெய் 16, ஜாம் 16, கெட்டி பிஸ்கட் 16. டின் மாட்டிறைச்சி 12, பன்றி லஞ்சன் மீட் 10, சால்மன் மீன் 8, சார்டின் 4, பாலாடைக்கட்டி 4. உலர்ந்த ஆப்பிள் 8, உலர்ந்த பிளம் 8, சீனி 8, சாக்லேட் 8. தேயிலை அல்லது காப்பி 4, சோப்பு 2, உப்பும் மிளகும் 1. கூட்டினால் 141 அவுன்ஸ், அதாவது டின் எடை சேர்க்காமல் சரியாக 4 கிலோ. இன்றைய உணவு அட்டவணை எண்களை வைத்துக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 14,000 கலோரி வருகிறது. வாரத்துக்குப் பரப்பினால் நாளுக்கு 2,000. இந்தியப் பெட்டியைவிட இது கொழுத்தது. போர் முடிவதற்குள் கனடா இப்படிக் கட்டிய பெட்டிகள் சுமார் ஒரு கோடியே 65 லட்சம்.

அதன் பால் டின்னுக்கு "கிளிம்" என்று பெயர். ஆங்கிலத்தில் பாலின் பெயரைத் திருப்பிப் போட்டது. காலி டின்னைக் கைதிகள் குவளையாக்கினார்கள், அடுப்பாக்கினார்கள். ஜெர்மனியின் ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாமில் டின்களை வரிசையாகக் கோத்துச் சுரங்கத்துக்குக் காற்றுக் குழாய் செய்தார்கள். 1944 மார்ச்சில் 76 பேர் தப்பியது அந்தச் சுரங்கத்தில்தான். சுவாரசியமான செய்திதான், ஆனால் சயாமோடு ஒட்டாது. சயாம் கண்காட்சியில் இந்தப் பெட்டியைத் திறந்து வைத்தால், சயாம் பாதை ஓடிய காஞ்சனபுரியில் வெண்ணெயும் ஜாமும் ஓடியதாகத்தான் பார்க்கிறவர் மனத்தில் பதியும்.

உள்ளூர்த் தொல்லையும் உண்டு. மாட்டிறைச்சி டின்னையும் பன்றி லஞ்சன் மீட்டையும் கோயில் மண்டபத்துக்குள் கொண்டுபோக முடியாது. பள்ளியில் வைத்தால் மலாய்ப் பிள்ளைகளும் பார்க்க வருவார்கள். காலி டின்னைக் கழுவி வைத்தாலும் சிலருக்கு மனசு ஒப்பாது. கோழி லஞ்சன் மீட் டின் வாங்கி, மேலே வேறு காகிதம் ஒட்டுவதே வழி. அப்படிச் செய்தால் அட்டையில் "இது மாற்றுப் பொருள்" என்று எழுதிவிடுங்கள்.

பிரிட்டிஷ், நியூசிலாந்துப் பெட்டிகள்

பிரிட்டிஷ் பெட்டியில் ரகம் அதிகம்: கால் பவுண்ட் தேயிலை, கொக்கோ, டின் புட்டிங், இறைச்சி உருளை, பாலாடைக்கட்டி, கெட்டிப்பால், முட்டைத் தூள், சார்டின் அல்லது ஹெர்ரிங், மார்ஜரின், காய்கறி டின், பிஸ்கட், சோப்பு. சிகரெட் தனியாக வரும். சிங்கப்பூரில் சிறைப்பட்டவர்களில் பிரிட்டிஷ்காரர்கள் ஏராளம் என்பதால் பொருத்தம் இருப்பது போலத் தெரியும். ஆனால் கட்டிய நிலையத்துக்கு நிலையம் உள்ளே இருப்பது மாறியது. எடையை நாமே ஊகிக்க வேண்டியிருக்கும், ஊகத்தை நிறுத்துக் காட்டுவதில் அர்த்தமில்லை.

நியூசிலாந்து: வெண்ணெய், பாலாடைக்கட்டி, ஆட்டிறைச்சி, பட்டாணி. நமக்கு வேண்டாம்.

அமெரிக்கப் பெட்டி: சயாமை எட்டியது

எங்கள் முதல் தேர்வு இது என்பதற்குக் காரணம் ருசியல்ல. பாதை வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. சயாமின் பான் போங் பக்கமிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை சுமார் 415 கிலோமீட்டர். அது முடிந்த பிறகு, 1944-ல், சயாம் முகாம்களுக்குக் கொஞ்சம் அமெரிக்கப் பெட்டிகள் வந்தன. ஆளுக்கு ஒன்றாக வரவில்லை; ஒரு பெட்டியைப் பல பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆறு பேருக்கு ஒன்று என்பது நல்ல பங்கு. அதாவது நம் கண்காட்சியின் இடத்துக்கும் காலத்துக்கும் நெருங்கி வருகிற பெட்டி இதுதான், அதுவும் பிந்தித்தான் வந்தது. "எப்போது வந்தது" என்ற ஒரே வரியே பாதிச் செய்தியைச் சொல்லிவிடும்.

மொத்த எடை சுமார் 11 பவுண்ட், 5 கிலோ. பால் மாவு ஒரு பவுண்ட், மார்ஜரின் ஒரு பவுண்ட், உலர்ந்த திராட்சை அல்லது பிளம் ஒரு பவுண்ட், சீனிக் கட்டி அரைப் பவுண்ட், பாலாடைக்கட்டி அரைப் பவுண்ட். டின் இறைச்சி, டின் மீன், ஈரல் விழுது, ஜாம் அல்லது கடலை விழுது, ராணுவ பிஸ்கட், காப்பித் தூள். ராணுவச் சாக்லேட் 4 அவுன்ஸில் இரண்டு கட்டி. வைட்டமின் சி மாத்திரை ஏழு, சோப்பு இரண்டு, சிகரெட் ஐந்து பாக்கெட்.

சாக்லேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் கட்டி வெயிலில் உருகாமலிருக்கவும், சிப்பாய் ஆசைக்காகத் தின்றுவிடாமலிருக்கவும் வேண்டுமென்றே கெட்டியாகவும் கசப்பாகவும் செய்யப்பட்டது. வேகவைத்த உருளைக்கிழங்கைவிடச் சற்று மேலான ருசி போதும் என்பது 1937-ல் ராணுவம் கேட்டது. ஒரு கட்டிக்கு 600 கலோரி. பல்லால் கடிக்க முடியாமல் கத்தியால் சீவித் தின்றார்கள். கடையில் விற்கும் பால் சாக்லேட்டை அதன் இடத்தில் வைத்தால், மண்டபத்தின் மத்தியான வெப்பத்தில் அரை மணியில் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். சமையலுக்கு விற்கிற கறுப்புச் சாக்லேட்டும் நம் வெயிலுக்குத் தாங்காது. பேசாமல் மரத்துண்டை 113 கிராமுக்கு அறுத்து, பழுப்பு வர்ணம் பூசுங்கள்.

பால் மாவிலும் கவனிக்க ஒன்று உண்டு. அது தண்ணீரை நம்பிய உணவு. 1943 ஏப்ரல், மே மாதங்களில் பாதை நெடுகக் காலரா பரவியது. அந்த இடத்தில் கொதிக்கவைக்காத தண்ணீரில் கலக்கிய பால், உணவா நஞ்சா என்று சொல்ல முடியாது. பெட்டி கிடைத்தாலும் விறகும் கொதிக்கவைக்கப் பாத்திரமும் இல்லாதவனுக்குப் பாதிப் பெட்டிதான் கிடைத்தது என்று பொருள்.

ஆறு பங்கு

பெட்டியை எப்படிக் காட்டுவது என்பதில்தான் எங்கள் பிடிவாதம். நிறைந்த பெட்டி செழிப்பைக் காட்டும். பங்கு போட்ட தட்டு நிலைமையைக் காட்டும். ஆறு அலுமினியத் தட்டு, ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, ஒரு மேசை. பிள்ளைகளையே பிரிக்கச் சொல்லுங்கள்.

பால் மாவு 454 கிராம். ஆளுக்கு 75 கிராமும் கொஞ்சமும். சீனி 227 கிராம். ஆளுக்கு 38 கிராம். சீனிக் கட்டிக்குப் பதில் தூள் சீனியைக் கொடுங்கள், கரண்டியில் அளந்து சண்டை போடட்டும். கரண்டிக் கணக்கு தராசோடு ஒத்துவராது என்பது முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டு சாக்லேட் கட்டியை ஆறாக்கினால் ஆளுக்கு ஒரு கட்டியில் மூன்றிலொரு பங்கு. பாலாடைக்கட்டியை வெட்டும்போது கத்தியில் ஒட்டுவது யாருக்கு என்ற கேள்வி வரும். வரட்டும். மாத்திரை ஏழு, ஆள் ஆறு. மீந்த ஒன்றைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதா, காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பதா என்று அவர்களே முடிவு செய்யட்டும். பெரியவர்கள் வாயைத் திறக்க வேண்டாம்.

மாத்திரை என்றதும் நிஜ மாத்திரையை வைக்காதீர்கள். வெள்ளை மொச்சை போதும். பள்ளி வளாகத்தில் சிகரெட்டும் வேண்டாம். காகிதச் சுருள் நூறு செய்து, ஆளுக்குப் பதினாறு போக நாலு மிஞ்சுவதைக் காட்டலாம். முகாம்களில் சிகரெட்டும் காசாகப் புழங்கியது என்பதை ஒரு வரியில் எழுதுங்கள்.

இந்தியப் பெட்டி: நம் கண்ணுக்குப் பழகியது

இந்தியக் கைதிகளுக்குக் கட்டிய பெட்டியின் பட்டியலைப் பார்க்கும் தோட்டத்துப் பாட்டி யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அரிசி 14 அவுன்ஸ் (397 கிராம்)
பருப்பு 16 (454)
மாவு 16 (454)
பில்சர்ட் மீன் டின் 16 (454)
கெட்டிப்பால் 12 (340)
மார்ஜரின் 8 (227)
சீனி 8 (227)
பிஸ்கட் 8 (227)
பாகில் ஊறிய பழ டின் 8 (227)
சாக்லேட் 4 (113)
கறித்தூள் 2 (57)
தேயிலை 2 (57)
குளியல் சோப்பு 2 (57)
முட்டைத் தூள் 1 (28)
உப்பு 1 (28)

மொத்தம் 118 அவுன்ஸ், சுமார் 3.35 கிலோ. கலோரி ஏறத்தாழ 11,000. கனடாப் பெட்டியைவிடக் குறைவுதான். மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் இல்லை என்பதிலேயே கட்டியவர்கள் யாரை நினைத்துக் கட்டினார்கள் என்று தெரிகிறது: இந்து, முஸ்லிம், சீக்கியர் எல்லோரும் ஒரே பெட்டியைத் திறக்க வேண்டும். லண்டனில் இயங்கிய இந்தியன் கம்ஃபர்ட்ஸ் ஃபண்ட் இந்தியச் சிப்பாய்களுக்கான பார்சல் வேலையை எடுத்துச் செய்தது.

எங்களுக்கு இதில் பிடித்தது அந்தப் பருப்பு. முகாமில் கைதியை வீழ்த்தியது பசி மட்டுமல்ல. தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் மாதக்கணக்கில் தின்றால் வைட்டமின் பி1 தீர்ந்து பெரிபெரி வரும். கால் வீங்கும், பிறகு இதயம் தளரும். சிங்கப்பூரின் சாங்கி முகாமில் மருத்துவர்கள் தவிட்டையும் மார்மைட் என்ற ஈஸ்ட் விழுதையும் தேடித் திரிந்தது இதற்காக. 454 கிராம் பருப்பில் ஓர் ஆளுக்கு இரண்டு மூன்று நாள் தேவைக்கு பி1 இருக்கிறது. சாக்லேட்டும் ஜாமும் கலோரியைக் கூட்டும், இந்த ஓட்டையை அடைக்காது. அரிசிச் சோறு மட்டும் போடுகிற முகாமுக்கு எந்தப் பெட்டி அதிகம் உதவியிருக்கும் என்று கேட்டால், கொழுத்த கனடாப் பெட்டியைவிட மெலிந்த இந்தியப் பெட்டி என்றுதான் சொல்வோம்.

ஆனால் இரண்டு குறை. அரிசி, பருப்பு, மாவு மூன்றும் வேக வேண்டும்: அடுப்பு, விறகு, பானை, தண்ணீர், நேரம். கனடாப் பெட்டியைப் பாதிக்கு மேல் அப்படியே தின்னலாம். இரண்டாவது குறை வரலாறு சம்பந்தப்பட்டது. இந்தப் பெட்டியைத் திறந்தவர்கள் வட ஆப்பிரிக்காவில் பிடிபட்டு இத்தாலியிலும் ஜெர்மானிய முகாம்களிலும் இருந்த இந்தியச் சிப்பாய்கள்; பிரான்சின் எபினால் முகாமில் இருந்தவர்களைப் போல. மாதிரியின் மேல் "ஐரோப்பாவில் இந்தியக் கைதிகளுக்கு" என்று பெரிய எழுத்தில் எழுதாவிட்டால், சயாமுக்குப் பருப்பும் மசாலாவும் போயிற்று என்று ஊரே நம்பிவிடும். இது நமக்குப் பிடித்த பெட்டி என்பதாலேயே இந்த ஆபத்து அதிகம். இரண்டாம் இடம் கொடுத்தது அதனால்தான்.

பட்டணத்துக் கடையில் கிடைப்பதும் கிடைக்காததும்

பழைய அளவுகள் அவுன்ஸில். நம் கடை டின்கள் கிராமில். பெரும்பாலும் ஒட்டாது. மாட்டிறைச்சி டின்னும் கோழி லஞ்சன் மீட் டின்னும் இன்றும் 340 கிராம், அதாவது பழைய 12 அவுன்ஸே. கனடா லஞ்சன் மீட்டுக்கு மட்டும் இது 57 கிராம் கூடுதல். தக்காளிச் சாற்றில் வரும் பெரிய சார்டின் டின் 425 கிராம். பில்சர்டுக்கு அதை வைக்கலாம், 29 கிராம் குறைவு என்று அட்டையில் போட்டுவிட்டு. பில்சர்டும் பெரிய சார்டினும் ஒரே குடும்பம்தான், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். கெட்டிப்பால் டின் நம் ஊரில் பெரியது, அரை கிலோ. 340 கிராமுக்கு வேறு டின் எடுத்துக் காகிதம் சுற்றுங்கள். பிஸ்கட்டுக்குக் கிரீம் கிரேக்கர் சரி, கிரீம் வைத்தது வேண்டாம். கறித்தூளுக்கு மீன் மசாலாவோ இறைச்சி மசாலாவோ எதுவானாலும் 57 கிராம் எடுத்துக் காகிதப் பொட்டலமாகக் கட்டுங்கள். பளபளக்கும் இன்றைய பாக்கெட்டை அப்படியே வைத்தால் மொத்தப் பெட்டியும் பொய்யாகத் தெரியும்.

டின்னைக் காலி செய்வது இப்படி. அடிப்பக்கத்திலிருந்து திறங்கள், மேல்மூடி முழுசாக இருந்தால்தான் பார்வைக்கு நிற்கும். சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு நாள் வெயிலில் காயவைத்து, உள்விளிம்பைத் தட்டி மழுக்குங்கள். எடை காட்ட மணல் போடுவார்கள், இங்கேதான் தப்பு நடக்கும்: மணல் இறைச்சியைவிடக் கனம், டின் நிறையப் போட்டால் 340 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் அரை கிலோ தாண்டும். தராசில் வைத்து 340 வந்ததும் நிறுத்தி, மீதி இடத்தில் கசக்கிய காகிதம் திணித்து, அடியில் அட்டை ஒட்டுங்கள். காயாத ஆற்று மணல் போட்டால் இரண்டு வாரத்தில் உள்ளே துரு பிடித்து வெளியே கசியும்.

இன்னொரு வழக்கமான தப்பு, டின்னில் ஆணியால் ஓட்டை போட்டு வைப்பது. தப்பி ஓடும்போது எடுத்துப்போகச் சேர்த்து வைக்கக்கூடாது என்று ஜெர்மானியக் காவலர்கள் டின்னைக் குத்திக் கொடுத்தது உண்மை. அது ஜெர்மானிய முகாம் பழக்கம். சயாம் மேசையில் அந்த ஓட்டைக்கு வேலையில்லை.

அரிசி, பருப்பு, மாவு மூன்றிலும் வண்டு வரும். வாங்கியதும் உறையிலிட்டு உறைபெட்டியில் நாலு நாள் வைத்து எடுத்தால் முட்டை செத்துவிடும். எடுத்த உடனே பிரிக்காதீர்கள்; வெளிச்சூட்டுக்கு வந்தபிறகு பிரித்தால்தான் ஈரம் கோக்காது. சோப்பைத் தேயிலைக்கும் பிஸ்கட்டுக்கும் எதிர்மூலையில், மெழுகுத்தாளில் சுற்றி வையுங்கள். மூடிய பெட்டிக்குள் ஒரு வாரம் இருந்தால் மூன்றும் ஒரே வாசனை அடிக்கும். சீனிக்கு எறும்பு, மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பது நம் வீட்டுப் பழைய வழி, இப்போதும் அதுவே நல்ல வழி.

பெட்டி இரட்டை அடுக்கு அட்டையாக இருக்கட்டும். டின்னோடு சேர்ந்து 5 கிலோவை நூறு பிள்ளைகள் தூக்கிப் பார்க்கும்போது ஒற்றை அட்டையின் அடி பிரிந்து காலில் விழும். கனமான டின்கள் அடியில், டப்பாக்கள் நிற்கும்படி, பிஸ்கட்டும் தேயிலையும் மேலே, இடைவெளியில் காகிதம். சணல் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி முடிச்சைப் பக்கவாட்டில் போடுங்கள்.

சிவப்புச் சிலுவையை அச்சடிப்பதற்கு முன் நில்லுங்கள். அது சட்டப் பாதுகாப்புள்ள சின்னம். மலேசியாவில் 1962-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் அதைக் கண்டபடி பயன்படுத்துவதைத் தடுக்கிறது. கண்காட்சிக்கு ஒரு மாதம் முன்பே மலேசியச் செம்பிறைச் சங்கத்துக்கு, எங்கே, எத்தனை நாள், எந்த அளவில் என்று எழுதி அனுமதி கேளுங்கள். பதில் வரும்வரை பெட்டி சின்னமில்லாமல் இருக்கட்டும்.

பக்கத்தில் என்ன வைப்பது

பெட்டியால் சொல்ல முடியாததை அட்டை சொல்ல வேண்டும். போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல். இறந்தவர்கள் 12,000-க்கும் மேல். மலாயா, பர்மா, ஜாவா, சயாம் என்று திரட்டப்பட்ட ஆசியத் தொழிலாளர்கள் 180,000-க்கும் மேல். இறந்தவர்களை 90,000 அளவில் மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பங்கு ரப்பர் தோட்டத் தமிழர்கள். மூன்று மாத வேலை என்று சொல்லி ஏற்றியதும் உண்டு, ஏமாற்றி ஏற்றியதும் உண்டு, பிடித்து ஏற்றியதும் உண்டு.

அவர்களுக்குப் பெட்டி வராததற்குக் காரணத்தை நேராக எழுதுங்கள். பார்சல் பெயர்ப் பட்டியலோடு கட்டப்பட்ட ஏற்பாடு. பிடிபட்ட சிப்பாயின் பெயர் ஜெனீவாவில் செஞ்சிலுவைச் சங்கத்தின் பெயரட்டைகளில் ஏறியது. அவனுக்காகக் கேட்க ஓர் அரசும், முகாமுக்குள் பங்கு போட ஓர் அதிகாரியும் இருந்தார்கள். தோட்டத் தொழிலாளிக்குப் பெயரட்டை இல்லை, அதிகாரி இல்லை, போதிய மருத்துவர் இல்லை. அவன் சிப்பாய் அல்லாததால் 1929 உடன்படிக்கை அவனைத் தொடவே இல்லை. சிவிலியன்களுக்கென்று ஜெனீவா உடன்படிக்கை வந்தது 1949-ல். காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 சிப்பாய்களுக்கு இடம் இருக்கிறது. தொழிலாளர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை இல்லை.

இதற்கு அடையாளமாகக் காலிப் பெட்டி ஒன்று வைக்கலாம் என்று கூட்டத்தில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். வேண்டாம். முதல் நாள் மாலைக்குள் அதில் மினரல் வாட்டர் போத்தல்கள் கிடக்கும். அதைவிட ஆறு தட்டுக்குப் பக்கத்தில் ஏழாவது தட்டு ஒன்றை வையுங்கள், வெறும் வெள்ளைச் சோறும் உப்பும் போட்டு. அட்டையில் இரண்டே வரி: இந்தத் தட்டுக்காரர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை, அதனால் பங்கும் இல்லை. சோற்றைத் தினமும் மாற்ற ஆள் போடுங்கள். நம் ஊர் வெக்கையில் காலையில் வைத்தது சாயங்காலம் நாறும்.

மேசையை ரயில் நிலையத்தை நோக்கி வைக்க முடிந்தால் நல்லது. வடக்கே ஏற்றிப்போனது இந்த ரயில் வழியில்தான் என்று சொல்லிக் கை நீட்டிக் காட்டலாம்.

முடிந்த பிறகு திறக்காத டின்களைக் காலாவதித் தேதி பார்த்து அன்னதானத்துக்குக் கொடுத்துவிடலாம். உறைபெட்டியில் வைத்து எடுத்த அரிசியும் பருப்பும் உறை பிரிக்காமல் இருந்தால் அவையும் ஆகும். தட்டில் பிரித்த சீனியிலும் பால் மாவிலும் நூறு கை பட்டிருக்கும், அவற்றைக் கொட்டிவிடுங்கள்.